தாது வருஷமும் ஒரு மாணவரின் கேள்வியும்

1

முதுகலை வரலாறு படிக்கிறவர்கள் பெரும்பாலும் கடைசிப் பருவத்தில் ஒரு ஆய்வேடு எழுதித்தர வேண்டியிருக்கிறது. ‘சார், ஒரு தலைப்புக் குடுங்க’ என்று ஆசிரியரிடம் போய் நிற்பதில்தான் அது தொடங்குகிறது. ஆசிரியரும் கொடுப்பார். ‘இன்ன மாவட்டத்தின் சமூகப் பொருளாதார வரலாறு, 1801–1947’. மாவட்டத்தின் பெயரை மாத்திப்போட்டால் அடுத்த வருஷத்து மாணவருக்கும் ஆச்சு. முதல் இயலில் மலைகள், ஆறுகள், மழையளவு. இரண்டாம் இயலில் சங்க காலத்திலிருந்து கும்பினி வரைக்கும் ஒரே ஓட்டம். கடைசி இயலில், முதல் இயலில் சொன்னதையே இறந்த காலத்தில் திருப்பிச் சொல்லி முடித்துவிடலாம். பட்டமும் கிடைத்துவிடும்.

மாணவர்களைக் கேலி செய்வதற்காக இதைச் சொல்லவில்லை. அந்தத் தலைப்பை அவர்கள் தேர்ந்தெடுக்கவில்லை என்பதுதான் இங்கே கவனிக்க வேண்டியது. ஆசிரியரும் தேர்ந்தெடுக்கவில்லை. மாவட்டம் என்ற அலகு கலெக்டரின் அலகு. 1801 என்பது ஆர்க்காட்டு நவாபின் ஆட்சிப்பகுதி கும்பினியின் கைக்கு வந்த ஆண்டு. ஆனால் சேலத்தையும் பாராமகாலையும் திப்புவிடமிருந்து கும்பினி 1792-லேயே வாங்கியாகிவிட்டது. சேலத்தைப் பற்றிய ஆய்வேடு 1801-ல் தொடங்குமானால், அந்த ஆண்டு சேலத்திலிருந்து வரவில்லை, வேறு ஒரு ஆய்வேட்டின் அட்டையிலிருந்து வந்திருக்கிறது என்று அர்த்தம். ஆள்வதற்காக ஒருவர் போட்ட கட்டங்களுக்குள் உட்கார்ந்துகொண்டு ஆளப்பட்டவர்களின் வரலாற்றை எழுத முயல்கிறோம். நிறைய ஆய்வேடுகள் செத்த எழுத்தாகப் போவதற்கு மாணவரின் சோம்பேறித்தனம் மட்டும் காரணமல்ல. தொடங்குகிற இடத்திலேயே கேள்வி இல்லாமல் போய்விடுகிறது.

தலைப்பு என்பது ஒரு பரப்பு. கேள்வி என்பது அந்தப் பரப்பில் கால் இடறுகிற கல். ஒரு மாணவர் எப்படித் தலைப்பிலிருந்து கேள்விக்கு வந்துசேர முடியும், வந்தபிறகு முதல் சில வாரங்களில் என்ன செய்ய வேண்டும் என்பதை ஒரே உதாரணத்தை எடுத்துக்கொண்டு பார்க்கலாம். உதாரணம்: 1876–78 பஞ்சம். இடம்: அன்றைய சேலம் மாவட்டம். இன்றைய தருமபுரி, கிருஷ்ணகிரி, நாமக்கல் பகுதிகளும் அப்போது அதற்குள் அடக்கம்.

2

‘சேலம் மாவட்டத்தில் பஞ்சம்’ என்பது தலைப்பு. இதைப்பற்றி என்ன வேண்டுமானாலும் எழுதலாம் என்பதாலேயே எதையும் எழுத முடியாது. தலைப்பை எடுத்துக்கொண்டு நூலகத்துக்குப் போகிறவர் கிடைத்ததையெல்லாம் குறிப்பெடுத்துக்கொண்டு வருவார். குறிப்புப் பெருகும், ஆய்வு நகராது.

இப்போது இரண்டே இரண்டு எண்களைப் பார்ப்போம். 1871 குடிக்கணக்கில் சேலம் மாவட்டத்தின் மக்கள்தொகை ஏறத்தாழ 19 லட்சத்து 67 ஆயிரம். 1881 கணக்கில் அது 16 லட்சத்துக்கும் சற்றுக் குறைவு. பத்து ஆண்டில் மூன்றரை லட்சத்துக்கு மேற்பட்டவர்களைக் காணவில்லை. ஐந்தில் ஒருவர் என்று வைத்துக்கொள்ளலாம்.

இங்கே மாணவர் இரண்டு விதமாக நடந்துகொள்ளக்கூடும். ‘பஞ்சத்தில் மூன்றரை லட்சம் பேர் மாண்டனர்’ என்று எழுதிவிட்டு அடுத்த பத்திக்குப் போய்விடலாம். அல்லது கொஞ்சம் நின்று, காணாமல்போனவர்கள் எல்லோரும் செத்தவர்கள்தானா என்று கேட்கலாம். சிலர் இலங்கைத் தோட்டங்களுக்குக் கப்பல் ஏறியிருக்கலாம். சிலர் பக்கத்து மாவட்டங்களுக்கு நடந்தே போயிருக்கலாம். பஞ்ச காலத்தில் பிறப்பும் குறையும், அப்படிப் பிறக்காமலே போன குழந்தைகளும் இந்தக் கழித்தலுக்குள் இருக்கிறார்கள். இன்னொரு பக்கம், பஞ்சத்துக்கு முந்திய ஐந்தாண்டில் மக்கள்தொகை கூடியிருக்கும், பஞ்சத்துக்குப் பிறகும் கொஞ்சம் ஏறியிருக்கும். அந்தக் கணக்குப்படி இழப்பு இன்னும் பெரிசாகவும் இருக்கலாம். அது போக, 1871 கணக்கு எந்த அளவுக்குச் சரி?

இரண்டு எண்களுக்கு நடுவில் இருந்த வெறும் கழித்தல் குறி இப்போது கேள்வியாக மாறிவிட்டது. கேள்வி வேறெங்கிருந்தும் வரவில்லை, ஆவணத்தை நம்பவும் முடியாமல் விடவும் முடியாமல் நின்ற அந்த ஒரு நிமிஷத்தில் பிறந்தது. ஆய்வு தொடங்குவது அங்கேதான்.

3

மாணவருக்குச் சொல்லக்கூடிய ஒரு நடைமுறை வழி உண்டென்றால் அது இதுதான்: இரண்டு ஆவணங்கள் ஒத்துப்போகாத இடத்தைத் தேடுங்கள். ஒத்துப்போகிற இடத்தில் அவை ஒன்றையொன்று பார்த்து எழுதியிருக்கக் கூடும். முரண்படுகிற இடத்தில் யாருக்கோ ஏதோ பிரச்சினை இருந்திருக்கிறது.

1877 ஜனவரியில் வைஸ்ராய் லிட்டனின் அரசு சர் ரிச்சர்ட் டெம்பிளைச் சென்னை மாகாணத்துக்கு அனுப்பியது. செலவைக் குறைக்கவேண்டும் என்பது அவருக்கு இடப்பட்ட பணி. நிவாரண வேலைத்தளத்தில் கல் உடைத்து மண் சுமக்கிற ஒரு ஆணுக்கு நாளொன்றுக்கு ஒரு ராத்தல் தானியமும், அதோடு ஒரு அணாவும் கொடுக்கிற மதிப்புக்குக் கூலி இருந்தால் போதும் என்று அவர் குறைத்தார். சென்னை மாகாணத்தின் சுகாதார ஆணையராக இருந்த டாக்டர் கார்னிஷ் இதை எதிர்த்தார். இந்தக் கூலியை வாங்கிக்கொண்டு வேலை செய்கிற உடம்பு தேய்ந்துதான் போகும் என்பது அவருடைய வாதம். எழுத்திலேயே சண்டை நடந்தது. சில மாதங்களில் சென்னை அரசு கூலியைக் கூட்டவேண்டி வந்தது.

இதைப் படிக்கிற மாணவர் டெம்பிள் கொடியவர், கார்னிஷ் நல்லவர் என்று எழுதி முடித்துவிடக் கூடாது. இருவரும் ஒரே அரசின் அதிகாரிகள். ஒருவர் பட்ஜெட்டின் மொழியில் பேசுகிறார், மற்றவர் மருத்துவத்தின் மொழியில் பேசுகிறார். ‘உயிரோடு இருப்பதற்கு எவ்வளவு போதும்’ என்பதை அளக்க முடியும், அளக்கிற உரிமை அரசுக்கு உண்டு என்பதில் இருவருக்கும் உடன்பாடுதான். அளவில்தான் தகராறு. கூலி வாங்கினவன் என்ன சொன்னான் என்பது இந்தச் சொல்லாடலுக்குள் நேரடியாக நுழையவே இல்லை. முரண்பாட்டைக் கண்டுபிடிப்பது முதல் படி என்றால், அந்த முரண்பாடு எதை மௌனமாக்கியிருக்கிறது என்று கேட்பது இரண்டாவது படி.

இன்னொரு தகவலையும் இதோடு சேர்க்கவேண்டும். சென்னை மாகாணத்தின் 1871 குடிக்கணக்கு அறிக்கையை எழுதியவரும் இதே கார்னிஷ்தான். நாம் கழித்துப் பார்த்த இரண்டு எண்களில் முதலாவது அவர் மேசையிலிருந்து வந்தது. ஆக, ஆவணம் என்பது வானத்திலிருந்து விழுந்த உண்மை இல்லை. அதற்கு ஒரு ஆசிரியர் உண்டு, அவருக்கு ஒரு வேலை, மேலதிகாரி, கோபம் எல்லாம் உண்டு. எந்த ஆவணத்தைக் கையில் எடுத்தாலும், யார், யாருக்கு, எதற்காக எழுதினார்கள் என்ற மூன்று கேள்வியையும் குறிப்பேட்டின் தலையில் எழுதிக்கொண்டு பிறகு படிப்பது நல்லது.

சாவுக் கணக்கும் இப்படித்தான். கிராமத்தில் சாவைப் பதிந்து மேலே அனுப்பியவர்கள் முன்சீபும் கணக்குப்பிள்ளையும். மேலே வந்து சேர்ந்த பட்டியலில் காலரா, அம்மை, காய்ச்சல், வயிற்றுப்போக்கு, விபத்து, இதர காரணங்கள் என்று கட்டங்கள். பட்டினிக்கென்று தனிக் கட்டம் கிடையாது. பட்டினி கிடந்தவன் கடைசியில் காய்ச்சலிலோ பேதியிலோதான் சாவான், அந்தக் கட்டத்தில் போய் உட்கார்ந்துகொள்வான். எண்ணைக் கூட்டுவதற்கு முன்னால் கட்டத்தைப் படிக்கவேண்டும் என்பது இதனால்தான்.

4

சரி, அரசாங்கத்தின் காகிதம் மட்டும்தான் ஆதாரமா? ஆங்கில ஆவணங்களில் இது ‘1876–78 பெரும்பஞ்சம்’. ஊரில் இதற்குப் பெயர் தாது வருஷப் பஞ்சம். தாது வருஷம் 1876 ஏப்ரலில் பிறந்து 1877 ஏப்ரலில் முடிந்தது. ஆனால் சாவு மிக அதிகமாக இருந்தது 1877-ன் பிற்பகுதியில், அதாவது அடுத்து வந்த ஈசுவர வருஷத்தில். பிறகு ஏன் மக்களின் நினைவில் ஈசுவர வருஷப் பஞ்சம் என்ற பெயர் நிற்கவில்லை? அரசு பஞ்சத்தை முகாம் திறந்ததிலிருந்து மூடியது வரைக்கும் எண்ணுகிறது. மக்கள் மழை பொய்த்ததிலிருந்து எண்ணியிருக்கலாம். இது ஒரு ஊகம்தான், ஆனால் சோதித்துப் பார்க்கக்கூடிய ஊகம்.

பஞ்சத்தைப் பாடிய கும்மிகள் சிறு பிரசுரங்களாக அச்சேறியிருக்கின்றன. சிவகங்கையைச் சேர்ந்த வில்லியப்ப பிள்ளையின் ‘பஞ்சலட்சணத் திருமுகவிலாசம்’ இந்தப் பஞ்சத்தை நையாண்டியாகப் பேசுகிறது. இவற்றை ‘இலக்கியம்’ என்று தமிழ்த்துறைக்கு ஒதுக்கிவிட்டு வரலாற்றுத்துறை கையைக் கழுவிக்கொள்கிறது. கலெக்டரின் கடிதம் ஆதாரம், கும்மி கற்பனை என்று யார் பிரித்தது? கும்மியிலும் மரபான வாய்பாடுகள் உண்டு, கலெக்டரின் கடிதத்திலும் உண்டு. இரண்டையும் ஒரே சந்தேகத்தோடு படிக்க வேண்டும். ஒன்றை மட்டும் சந்தேகிப்பது ஆய்வு ஆகாது.

வாய்மொழிக்கும் இது பொருந்தும். கிராமத்தில் வயசானவர்களிடம் கேட்டால் ‘தாது வருஷத்துல கத்தாழக் கெழங்கத் தின்னோம்னு எங்க பாட்டி சொல்லும்’ என்பார்கள். அதே மூச்சில் ரேஷன் கடை வரிசையும் வரும். ரேஷன் 1940-களின் யுத்த காலத்தது. போதாக்குறைக்குத் தாது வருஷம் அறுபது ஆண்டுக்கு ஒருமுறை திரும்பி வருகிறது, 1936–37-லும் வந்தது, 1996–97-லும் வந்தது. ‘கிழவி குழப்புகிறாள்’ என்று பதிவுக்கருவியை அணைத்துவிட வேண்டியதில்லை. பிந்திய பஞ்சத்தையும் முந்திய பஞ்சத்தின் பெயராலேயே சொல்கிறார்கள் என்றால் அந்தப் பெயர் ஒரு தேதியாக இல்லாமல் பசிக்கான சொல்லாக மாறிவிட்டிருக்கிறது. அதுவே ஒரு கண்டுபிடிப்பு. ஆனால் அந்த வாக்குமூலத்தை 1877-ன் நேரடிச் சாட்சியமாக எடுத்துப் போடக்கூடாது. எந்த ஆதாரம் எந்தக் கேள்விக்குப் பதில் சொல்லும் என்று தெரிந்துகொள்வதுதான் முறையியல். அதற்கென்று தனி இயல் எழுதி ஒப்பேற்றத் தேவையில்லை.

5

கோட்பாட்டைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். நம் மாணவர்களுக்குக் கோட்பாட்டின்மேல் ஒன்று பயம் அல்லது பக்தி. ரணஜித் குஹா 1983-ல் எழுதிய ‘எதிர்க் கிளர்ச்சியின் உரைநடை’ என்ற கட்டுரை, காலனிய அதிகாரியின் அறிக்கையில் கலகக்காரன் எப்படி எழுதப்படுகிறான் என்பதைச் சொல்லுக்குச் சொல் பிரித்துக் காட்டியது. அதைப் படித்துவிட்டுப் போலீஸ் அறிக்கையைத் திறந்தால், ‘தானியக் கொள்ளை’ என்ற சொல் சும்மா கடந்துபோக விடாது. கொள்ளை யாருடைய சொல்? பதுக்கிவைத்த வியாபாரியிடம் நியாய விலைக்குப் போடச் சொல்லிக் கேட்டுக் கிடைக்காமல் மூட்டையைப் பிரித்தவர்கள் அதை என்ன பெயர் சொல்லி அழைத்திருப்பார்கள்? கோட்பாடு இப்படிக் கண்ணைத் திறக்கிறவரைக்கும் நல்லது.

அமர்த்தியா சென் 1981-ல் வெளியிட்ட ‘வறுமையும் பஞ்சங்களும்’ என்ற நூல் இன்னொரு கண்ணைத் திறந்தது. பஞ்சம் என்பது உணவு இல்லாமல் போவது மட்டுமல்ல, இருக்கிற உணவைப் பெறுகிற தகுதியைச் சிலர் இழந்துபோவது என்று அவர் வாதிட்டார். இதை ஆய்வேட்டின் முதல் இயலில் சுருக்கி எழுதி, கடைசி இயலில் ‘எனவே சேலத்திலும் இவ்வாறே நிகழ்ந்தது’ என்று முடித்தால் சேலம் வெறும் உதாரணமாகிப்போகும். விடை முன்னாலேயே தெரிந்திருந்தால் எதற்கு ஆய்வு? கோட்பாட்டிடமிருந்து கேள்வியைக் கடன் வாங்கலாம், விடையை வாங்கக்கூடாது.

அதேபோல, நமக்கு முன்னால் யார் எழுதியிருக்கிறார்கள் என்று பார்க்காமல் ‘இதுவரை யாரும் ஆராயாத பொருள்’ என்று முன்னுரையில் எழுதுகிற வழக்கம் ஒன்று இருக்கிறது. இந்தப் பஞ்சத்தில் விவசாயிகளின் உணர்வும் செயலும் பற்றி டேவிட் அர்னால்ட் ‘சபால்டர்ன் ஸ்டடீஸ்’ மூன்றாம் தொகுதியில், 1984-லேயே எழுதிவிட்டார். மைக் டேவிஸ் 2001-ல் இதை உலகளாவிய பஞ்சங்களோடு சேர்த்து வைத்துப் பார்த்தார். முன்னவர்கள் இருப்பது மாணவருக்கு நஷ்டமில்லை. அவர்கள் மாகாணத்தை, உலகத்தைப் பார்த்தார்கள். ஒரு தாலுகாவை, ஒரு தொழிலை அவர்கள் அந்த அளவுக்குக் கிட்டத்தில் பார்த்திருக்க முடியாது. சேலம் தாலுகாவை இரண்டு மணி நேரத்தில் பஸ்ஸில் சுற்றிவிடக்கூடிய மாணவருக்கு அங்கே இடம் இருக்கிறது.

6

கடைசியாக, கேள்வியை எவ்வளவு சின்னதாக்குவது? ‘காணாமல்போன மூன்றரை லட்சம் பேர் என்ன ஆனார்கள்’ என்பது பத்துப் பேர் பத்து வருஷம் செய்யவேண்டிய வேலை. மாணவரிடம் ஆறு மாசம்தான் இருக்கிறது, கையில் காசும் குறைவு. ஆகவே இப்படி ஒரு கேள்வி: சேலத்து நெசவாளர்களைப் பஞ்ச நிவாரணம் எப்படிப் பார்த்தது?

ஏன் நெசவாளர்? நிலத்தில் வேலை செய்கிறவனுக்கு மழை இல்லாமல் வேலை போயிற்று. நெசவாளிக்கு மழை இல்லாததால் நேரடியாக வேலை போகவில்லை. சோத்துக்கே இல்லாத சனம் துணி வாங்கவில்லை, அதனால் வேலை போயிற்று. தறியில் உட்கார்ந்து பழகிய கையால் கல் உடைத்தால் அந்தக் கை பிறகு இழை பிடிக்காது. அப்படியானால் அவர்களைச் சாலை போடுகிற வேலைக்கு அனுப்பினார்களா, அல்லது நூல் கொடுத்துத் துணியை வாங்கிக்கொண்டார்களா? ஒரு ஊரில் ஒரு மாதிரி, இன்னொரு ஊரில் வேறு மாதிரி நடந்ததா? இந்தக் கேள்விக்கு ‘ஆம்’ என்றும் பதில் வரலாம், ‘இல்லை’ என்றும் வரலாம். எந்த ஆவணம் கிடைத்தாலும் மாறாத பதிலை வைத்திருக்கிற கேள்வி, கேள்வியே இல்லை.

தொடங்குகிற வரிசை என்று ஒன்று சொல்லலாம். முதல் வாரம் அச்சில் உள்ளவை: லெ ஃபானுவின் சேலம் மாவட்டக் கையேடு (1883), வில்லியம் டிக்பியின் பஞ்சம் பற்றிய இரண்டு தொகுதிகள் (1878), 1871, 1881 குடிக்கணக்கு அறிக்கைகள். இந்த மாதிரிப் பழைய நூல்களில் பல இன்று இணையத்தில் இலவசமாகவே கிடைக்கின்றன. டிக்பி ‘மெட்ராஸ் டைம்ஸ்’ பத்திரிகையின் ஆசிரியராக இருந்தவர் என்பதை மறக்காமல் படிக்க வேண்டும். இரண்டாம் வாரம் தரமணியில் உள்ள ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் மாதிரி இடங்களில் கும்மிப் பிரசுரங்கள். அதற்கப்புறம்தான் எழும்பூர், தமிழ்நாடு ஆவணக் காப்பகம். துறைத்தலைவரின் கடிதம் இல்லாமல் அங்கே போய் நிற்கக்கூடாது. போனதும் கட்டுகளைக் கேட்காமல் வருவாய் வாரிய நடவடிக்கைகளின் அட்டவணைத் தொகுதியைக் கேட்க வேண்டும். ‘நெசவாளர்’ என்ற தலைப்பில் ஒன்றுமே இல்லாமலிருக்கலாம், ‘நிவாரணம்’ என்பதற்குள்ளோ ‘சேலம் நகராட்சி’ என்பதற்குள்ளோ ஒளிந்திருக்கலாம். அட்டவணை போட்ட குமாஸ்தாவின் மண்டைக்குள் புகுந்து தேடவேண்டும். காகிதம் கையில் வந்ததும் அரசாணை எண், தேதி, பக்கம் மூன்றையும் முதலில் எழுதிவிட வேண்டும். ‘பிறகு எழுதிக்கலாம்’ என்று விட்டுவிட்டு மறுபடி சென்னைக்கு ரயில் ஏறியவர்கள் அனேகம்.

தினமும் ஒரு பக்கம் எழுதுவது நல்லது. எல்லாவற்றையும் சேர்த்துவிட்டு எழுதலாம் என்று காத்திருந்தால் பருவம் முடிந்துபோகும். எழுதும்போதுதான் எது தெரியவில்லை என்பது தெரியவருகிறது.

ஒரு எச்சரிக்கை. உள்ளூர் வரலாறு என்றாலே ‘நம்ம ஊருப் பெருமை’ என்று எழுதுகிற ஒரு போக்கு நம்மிடம் வலுவாக இருக்கிறது. சொந்தச் சாதியின் ஆண்ட பரம்பரைக் கதையாகவும் அது முடிகிறது. பஞ்சம் அந்தப் பெருமைக்கு ஒத்துவராத பொருள். ஊரே பட்டினி கிடந்தது என்பது பொய். எல்லா ஊரிலும் யாராவது ஒரு வீட்டுக் குதிரில் தானியம் இருந்தது. யார் வீட்டில்? அந்த வருஷம் யார் நிலம் யார் பேருக்கு மாறியது? பத்திரப்பதிவைத் தேடிப்போகிற மாணவருக்குத் தன் பாட்டனுக்குப் பாட்டன் பேரே வாங்கினவர் பட்டியலில் அகப்படலாம், விற்றவர் பட்டியலிலும் அகப்படலாம், அல்லது நிலமே இல்லாதவர் என்பதால் இரண்டிலும் அகப்படாமல் போகலாம். மூன்றாவது வகை மாணவர்கள்தான் இன்று நம் அரசுக் கல்லூரி வகுப்புகளில் நிறையப் பேர், அவரவர் குடும்பத்தில் முதன்முதலாகக் கல்லூரிக்கு வந்தவர்கள். தங்கள் மூதாதையர் எந்தக் கட்டத்தில் பதியப்பட்டார்கள், எந்தக் கட்டம் அவர்களுக்காகப் போடப்படவே இல்லை என்று கேட்க அவர்களுக்கு மற்ற யாரைவிடவும் உரிமை இருக்கிறது.

அவர்களிடம் போய் நாம் ‘இன்ன மாவட்டத்தின் சமூகப் பொருளாதார வரலாறு’ என்று தலைப்புக் கொடுத்து அனுப்பிக்கொண்டிருக்கிறோம். அடுத்த முறை ஒரு மாணவர் வந்து தலைப்புக் கேட்டால், தலைப்பைத் தராமல், அன்றைய சாவுப் பட்டியலின் ஒரு பக்கத்தை நகலெடுத்துக் கொடுத்து, ‘இதுல என்ன இல்லன்னு பார்த்துட்டு வா’ என்று சொல்லிப் பார்க்கலாம்.